முத்திரை குத்தினால் முடிந்துவிடாது: தடுப்பூசி பற்றித் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு,
சுகாதார மேம்பாட்டுப் பணியகம்,
உலக சுகாதார நிறுவனத்தினதும் யுனிசெப்பினதும் கொழும்பு அலுவலகங்கள்.

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

தடுப்பூசி பற்றிய பேச்சு தடுமாறும் இடத்திலெல்லாம் நீங்கள் எடுத்து நீட்டுகிற வசனம் ஒன்று உண்டு: "இது உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்த ஊசி." கொழும்பிலிருந்து பார்த்தால் அது ஒரு முத்திரை. குத்திவிட்டால் வேலை முடிந்தது. இங்கே அதே வசனம் முஸ்லிம்கள் வாழும் கிண்ணியாவில் ஒரு விதமாகவும் தமிழர் வாழும் ஈச்சிலம்பற்றில் வேறு விதமாகவும் காதில் விழுகிறது. ஏன் அப்படி விழுகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்பதைத்தான் எழுதுகிறோம். இந்த மாவட்டத்தின் கிளினிக்குகளிலும் பாடசாலை ஊசி நாட்களிலும் வேலை பார்ப்பவர்கள் நாங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இங்கே தாய்மார் ஊசிக்கு எதிரிகள் இல்லை. 1978இல் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் தொடங்கியதிலிருந்து, யுத்தம் நடந்த வருடங்கள் உட்பட, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்தான். 1993க்குப் பிறகு இந்த நாட்டில் இளம்பிள்ளைவாதம் இல்லை. 2019இல் சின்னமுத்து ஒழிக்கப்பட்டதாகச் சான்று கிடைத்தது. 2023இல் அது மறுபடி தலைகாட்டியதும் உங்களுக்குத் தெரியும். வருகிற தாய் உலக சுகாதார நிறுவனம் இருக்கும் ஜெனீவாவை நம்பி வருவதில்லை. மாதா மாதம் வீட்டுப் படலையில் வந்து நின்று பிள்ளையின் நிறையைக் கேட்கிற மிட்வைஃப் மிஸ்ஸை நம்பி வருகிறார். உலக நிறுவனங்கள் மீதான நம்பிக்கை அந்த அத்திவாரத்தின் மேல் எழும்பிய இரண்டாம் மாடி. அத்திவாரத்தில் வெடிப்பு விழும்போது மாடியைக் காட்டி ஆறுதல் சொல்ல முடியாது. மாடியிலிருந்து விழுகிற கல்லோ கீழே நிற்கிற மிஸ்ஸின் தலையில்தான் விழுகிறது.

ஜனாசா (இறந்த முஸ்லிமின் உடல்) விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலில், கோவிட் தொற்றி இறந்தவரை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று தெளிவாக இருந்தது. 2020 ஏப்ரலில் இங்கே வந்த வர்த்தமானி, எரிக்கத்தான் வேண்டும் என்றது. நிலத்தடி நீர் பற்றி உள்ளூர் நிபுணர்கள் சொன்னது காரணமாகக் காட்டப்பட்டது. அந்த வருடம் டிசம்பரில் எரிப்புக்கு எதிர்ப்பாகப் பொரளை மயானக் கதவில் கட்டப்பட்ட வெள்ளைத் துணிகளை நாடே பார்த்தது. 2021 பெப்ரவரி 25இல் வர்த்தமானி மாறியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

இதில் தடுப்பூசிக்கு என்ன சம்பந்தம்? திகதியைப் பாருங்கள். ஜனாசா விடயத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் சொல் செல்லாது என்று சொல்லப்பட்ட அதே காலத்தில்தான், 2021 ஜனவரி 29இல், கோவிடுக்கு எதிரான கொவிஷீல்ட் ஊசி தொடங்கியது. அப்போது அதே நிறுவனத்தின் பெயர் முத்திரையாக வந்தது. மூதூரிலும் கிண்ணியாவிலும் உள்ளவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று யாராவது நினைத்தார்களா? "அடக்கத்துக்கு அவங்கட சொல் சரிவராது, ஊசிக்கு மட்டும் சரிவருமா?" என்ற கேள்விக்கு எங்கள் கையில் பதில் தரப்படவில்லை. இன்றைக்கும் இல்லை. விசித்திரம் என்னவென்றால், அந்த மக்கள் உலக சுகாதார நிறுவனத்தை நம்பாமல் கேட்கவில்லை. அதன் வழிகாட்டலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள். ஒரு உலக நிறுவனத்தின் சொல்லை அரசு தனக்குத் தோதாக இருக்கையில் எடுத்து, இல்லாதபோது வைத்துவிட்டால், அடிபடுவது அந்த நிறுவனத்தின் பெயர் மட்டும் இல்லை. அடுத்த தடவை அதே பெயரைச் சொல்லி வருகிற ஊசியும் சேர்ந்து அடிபடும்.

எனவே முதல் கோரிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை ஒன்றை நாடு பின்பற்றாமல் விடலாம். அதற்கு உரிமை உண்டு, சில வேளை நியாயமும் உண்டு. அப்படி விடும்போது ஒரு பக்கத்தில் மூன்று விடயங்களைத் தமிழில் வெளியிடுங்கள்: அவர்கள் சொன்னது என்ன, நாம் செய்வது என்ன, ஏன் வேறுபடுகிறோம். கொழும்பிலுள்ள உலக சுகாதார நிறுவன அலுவலகத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. அரசு உங்கள் வழிகாட்டலுக்கு மாறாக நடக்கும்போது ஆங்கில இணையப் பக்கத்தில் பழைய ஆவணம் கிடக்கிறது என்பது மௌனத்துக்குச் சமம்.

ஈச்சிலம்பற்று, சம்பூர்ப் பக்கம் கதை வேறு. 2006இல் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு "ஐ.நா." என்றால் கூடாரமும் வெள்ளை ஜீப்பும். அதன் பின் 2008 செப்டம்பரில் வன்னியிலிருந்து அந்த ஜீப்புகள் திரும்பிப் போனதும் இங்குள்ள தமிழர் மனதில் இருக்கிறது. தன் செயற்பாடு தோற்றதை ஐ.நா.வின் சொந்த உள்ளக மீளாய்வே 2012இல் ஒப்புக்கொண்டது. இங்கே "ஜெனீவா" என்ற சொல்லுக்கு முதலில் நினைவு வருவது மனித உரிமைப் பேரவையும் அங்கே கேட்டுக் கிடைக்காமல் போன நீதியும்தான். அதே நகரத்தில்தான் உலக சுகாதார நிறுவனமும் இருக்கிறது என்பதைக் கேட்டால் பலர் முகம் மாறும். ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். நிர்வாக வரைபடத்தில் தொடர்பில்லைதான்.

ஆனால் இதே மண்ணில் நேர்மாறான அனுபவமும் உண்டு, அதை நீங்கள் ஏன் பேசுவதே இல்லை என்பது எங்களுக்கு விளங்கவில்லை. 1990களின் நடுப்பகுதியில் தேசிய போலியோ தினங்கள் தொடங்கியபோது, யுனிசெப் அரசு, புலிகள் என்ற இரண்டு தரப்போடும் பேசி "அமைதி நாட்களை" ஏற்படுத்தியது. சொட்டு மருந்துக்காகத் துவக்குகள் ஓய்ந்த நாட்கள் அவை. இங்குள்ள பாட்டிமார்களுக்கு யுனிசெப்பின் நீல நிறம் அந்த வழியாகத்தான் அறிமுகம். இதற்கு எதிர்ப்பக்கம் பாகிஸ்தான். அபோட்டாபாத்தில் ஒசாமா பின்லாடனைத் தேடுவதற்காக அமெரிக்க உளவு நிறுவனம் 2011இல் ஹெபடைடிஸ் பி ஊசி முகாம் என்ற பெயரில் ஆளனுப்பியது. அதன் பின் அங்கே போலியோ ஊழியர்கள் மீது விழுந்த சந்தேகமும் கொலைகளும் உலகம் அறிந்தவை. ஊசி வேலையைத் தடுப்பூசி அல்லாத காரணத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை சொல்வதற்கு 2014 மே வரை ஆனது. ஆகவே கிளினிக்குக்கு வருகிற வாகனத்தில் வேறு எந்தத் திணைக்களத்தின் ஆளும் ஏறக்கூடாது. பதிவு எடுக்கவோ ஆட்கணக்குப் பார்க்கவோ ஊசி நாளைத் தெரிவுசெய்யக்கூடாது. சீருடை போட்டவர்கள் 2021இல் ஊசி நிலையங்களில் நின்றது தெற்கில் ஒழுங்கின் அடையாளமாகத் தெரிந்திருக்கலாம். கிழக்கில் எல்லோருக்கும் அப்படித் தெரியவில்லை.

இனி அந்த "அங்கீகாரம்" என்ற சொல். அது என்ன என்று கிளினிக்கில் கேட்டால் விளக்கக்கூடிய தமிழ்த் தாள் ஒன்று எங்களிடம் இல்லை. நாங்கள் வாயால் சொல்வது இது. வழமையான பிள்ளை ஊசிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் செய்வது முன்தகுதிச் சான்று: உற்பத்தியாளரின் ஆவணங்களைப் பார்க்கிறார்கள், மாதிரிகளை வேறு ஆய்வகங்களில் சோதிக்கிறார்கள், தொழிற்சாலைக்குப் போய்ப் பார்க்கிறார்கள், தயாரிக்கும் நாட்டின் மருந்து ஒழுங்குபடுத்தல் அமைப்பு தகுதியானதா என்றும் பார்க்கிறார்கள். கோவிட் ஊசிகளுக்கு முதலில் கொடுத்தது அவசர காலப் பட்டியலிடல். அது அந்த நேரத்தில் கையிலிருந்த தரவை வைத்து, ஆபத்தைவிட நன்மை அதிகம் என்று சொல்வது. இரண்டும் ஒன்றல்ல. இரண்டையும் "அங்கீகாரம்" என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்த்ததில் பாதிக் குழப்பம் தொடங்கியது.

சினோபார்ம் ஊசி இதற்கு நல்ல பாடம். 6 இலட்சம் ஊசிகள் 2021 மார்ச் 31இல் வந்திறங்கின. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிடல் வரும்வரை இலங்கையருக்குப் போடாமல், நாட்டிலிருந்த சீனப் பிரஜைகளுக்கு மட்டும் போட்டார்கள். மே 7இல் பட்டியலிடல் வந்தது. மறுநாள் இலங்கையருக்கும் தொடங்கியது. கையில் ஊசியை வைத்துக்கொண்டு, நோய் பரவும்போதும், வெளி அமைப்பின் சொல்லுக்குக் காத்திருந்தது இது. எங்கள் கணிப்பில் அந்த ஐந்து கிழமைக் காத்திருப்பு எந்தச் சுவரொட்டியையும்விட அதிகம் நம்பிக்கை தந்தது. ஆனால் பட்டியலிட்ட அதே ஆவணத்தில் இன்னொரு வரியும் இருந்தது. நோய் அறிகுறி வராமல் தடுக்கும் திறன் 79 சதவீதம். ஆய்வில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் மிகக் குறைவு என்பதால் அவர்களுக்கான திறனைக் கணக்கிட முடியவில்லை. இந்த இரண்டாம் பாதியைத் தமிழில் யாரும் எங்கள் கையில் தரவில்லை. பின்னர் மூன்றாவது ஊசியாக ஃபைசர் வந்தபோது "அப்ப முதல் ரெண்டும் தண்ணியா?" என்று கேட்டார்கள். நாட்டில் இரண்டாவது ஊசி போட்டவர்கள் 1 கோடி 40 இலட்சத்துக்கும் மேல். மூன்றாவதுக்கு வந்தவர்கள் அண்ணளவாக 80 இலட்சம். இந்த இறக்கத்துக்குக் களைப்பு, நோய்ப் பயம் குறைந்தது, 2022இன் எரிபொருள் வரிசை எல்லாம் காரணம். முதலிலேயே சொல்லாமல் விட்ட அந்தப் பாதியும் ஒரு காரணம் என்கிறோம்.

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் விடயத்தில் உலக நிறுவனத்தின் பெயர் செல்லாக்காசாகவே ஆனது. ஜெனீவா பட்டியலிட்ட சினோபார்மை வளைகுடாவில் சில நாடுகள் ஆரம்பத்தில் தனியாக ஏற்கவில்லை. பயண முகவர் "ஃபைசர் கார்ட் இருந்தால்தான்" என்று சொன்ன ஒரு வாரத்தில் எங்கள் விளக்கங்கள் கரைந்தன. ஹஜ்ஜுக்குப் போகிறவர் மெனிஞ்சைடிஸ் ஊசியை மறுத்து நாங்கள் கண்டதில்லை. ஊசிமேல் எழுந்த காதலால் அல்ல. வீசா தருகிறவர் கேட்கிறார், போய்ச் சேருவதற்கு 10 நாளாவது முன்னதாகப் போட வேண்டும் என்று திகதியும் சொல்கிறார். நிபந்தனை தெளிவு, காரணம் தெளிவு, எல்லோருக்கும் ஒன்று. நம்பிக்கையின் பெரும் பகுதி இந்தச் சாதாரணத் தெளிவுதான்.

2024இல் நடந்ததையும் பாருங்கள். அஸ்ட்ராசெனக்கா ஊசியால் (இங்கே கொவிஷீல்ட் என்ற பெயரில் போட்டது) மிக அரிதாக இரத்தம் உறைந்து, குருதிச் சிறுதட்டுகளும் குறையும் நிலை வரலாம் என்று பிரித்தானிய நீதிமன்ற ஆவணத்தில் நிறுவனமே ஏற்றுக்கொண்டது என்ற செய்தி ஒரு இரவில் வட்ஸ்அப் எங்கும் ஓடியது. மூன்று வருடம் மறைத்த இரகசியம் வெளியானது போல. உண்மையில் ஐரோப்பிய மருந்து முகவரகம் 2021 ஏப்ரல் 7இலேயே இந்தத் தொடர்பைச் சொன்னது; உலக சுகாதார நிறுவனத்தின் குழுவும் அதே மாதம் சொன்னது; நம் சுகாதார அமைச்சரும் அதே ஏப்ரலில் பாராளுமன்றத்தில் இலங்கையில் பதிவான சம்பவங்களைச் சொன்னார். எதுவும் மறைக்கப்படவில்லை. ஆனால் மறைக்காமல் இருப்பதும் சொல்வதும் ஒன்றாகாது. பாராளுமன்றப் பதிவேடான ஹன்சார்டில் அச்சான செய்தி உப்புவெளியில் ஊசி போட்டுக்கொண்ட ஆளைத் தேடி வராது. 2021இல் கையில் கொடுத்திருந்தால் 2024இல் அது பழைய செய்தியாக இருந்திருக்கும்.

பணம் பற்றிய கேள்விகளுக்கும் நேரான பதில் தேவை. "உலக சுகாதார நிறுவனத்தை நடத்துறதே கேட்ஸ்தானாமே?" கேட்ஸ் அறக்கட்டளை அதன் மிகப் பெரிய நன்கொடையாளர்களில் ஒன்று என்பது உண்மை. உறுப்பு நாடுகள் கட்டாயமாகக் கட்டும் சந்தா மொத்த வரவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்ததும் உண்மை. இது சரியில்லை என்று கண்டுதான் 2022 மேயில் உலக சுகாதாரப் பேரவை, 2030–31க்குள் அடிப்படை வரவுசெலவில் பாதி சந்தாவாக வரவேண்டும் என்று முடிவெடுத்தது. "அமெரிக்காவே விலகிட்டுதே?" 2025 ஜனவரி 20இல் விலகும் ஆணை கையெழுத்தானது, ஆம். ஆனால் பிள்ளைக்கு இங்கே போடும் வழமையான ஊசிகளை இலங்கை அரசு தன் பணத்தில் வாங்குகிறது. இந்த நாலு வரிகளை எங்களுக்கு எழுதித் தர உங்களுக்கு ஏன் தயக்கம்? "வதந்திகளை நம்பாதீர்கள்" என்பது பதில் இல்லை, அதட்டல். முகக்கவசம் பொதுமக்களுக்குத் தேவையில்லை என்று சொல்லி, 2020 ஜூனில் அதை மாற்றிக்கொண்ட நிறுவனம் இது. காற்றில் பரவாது என்று 2020 மார்ச்சில் அடித்துச் சொன்னதும் அதே நிறுவனம். அந்த மாற்றங்களை நாமே முதலில் சொன்னால், அறிவியல் திருத்திக்கொள்கிறது என்று கேட்கிறவர் எடுத்துக்கொள்வார். இன்னொருவர் வந்து சொன்னால், மாட்டிக்கொண்டார்கள் என்றுதான் எடுப்பார்.

எல்லாவற்றிலும் கடினமான இடம், ஊசி போட்ட பின் ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடக்கும் இடம். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2008 ஜனவரியில் ஐங்கூட்டு ஊசி வந்தது: தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி, ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஹிப் கிருமி ஆகியவற்றுக்கு எதிரானது. மூன்று மாதத்துக்குள் 4 மரணங்களும், பிள்ளை துவண்டு அசைவற்றுப் போனதாகச் சந்தேகிக்கப்பட்ட 24 சம்பவங்களும் அறிவிக்கப்பட்டன. அந்தத் தொகுதி (ஒரே தடவையில் தயாரித்த ஊசிகள்) நிறுத்தப்பட்டது. 2009 ஏப்ரலில் அடுத்த தொகுதியில் இன்னொரு மரணம் வந்ததும் ஐங்கூட்டு ஊசியையே நிறுத்தி, பழைய முக்கூட்டு ஊசிக்கும் தனி ஹெபடைடிஸ் பி ஊசிக்கும் திரும்பினார்கள். உள்நாட்டு, வெளிநாட்டு நிபுணர்கள் ஆராய்ந்த பின் 2010இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகள் ஹிப் பாதுகாப்பை இழந்தார்கள். அது சின்ன விலை இல்லை. ஆனாலும், பிரேக் நம் கையில் இருக்கிறது, தேவையென்றால் அழுத்துவார்கள் என்று மக்கள் கண்ணால் கண்டார்கள். அதன் பிறகும் தாய்மார் கிளினிக்குக்கு வந்ததற்கு அது ஒரு காரணம் என்பது எங்கள் எண்ணம்.

பிள்ளையின் திடீர்த் தொட்டில் மரணங்கள் அதிகம் நிகழும் வயது 2 முதல் 4 மாதம். ஐங்கூட்டு ஊசியின் முதல் இரண்டு தடவைகளும் சரியாக 2ஆம், 4ஆம் மாதங்களில்தான். ஊசியே இல்லாவிட்டாலும் நடந்திருக்கக்கூடிய சில மரணங்கள் ஊசிக்கு அடுத்த நாட்களில் விழுந்தே தீரும். இதைத் துக்க வீட்டில் போய்ச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஊசிக்கு முன்பே, கர்ப்பிணித் தாய் வகுப்பில், அமைதியான நேரத்தில் சொல்ல வேண்டிய விடயம் இது. அதேபோல ஐங்கூட்டு ஊசிக் காய்ச்சல் முதல் 24 மணித்தியாலத்தில் வரும். 9ஆம் மாதத்து எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசிக் காய்ச்சலும் தோல் தடிப்பும் 5 முதல் 12 நாள் கழித்து வரும். இரண்டுக்கும் ஒரே துண்டுப்பிரசுரத்தில் "இலேசான காய்ச்சல் வரலாம், பனடோல் கொடுக்கவும்" என்று அச்சிட்டால், எட்டாம் நாள் காய்ச்சல் கண்ட தாய் என்ன நினைப்பார்?

பாரதூரமான சம்பவம் நடந்தால் மணிக்கணக்கில் என்ன நடக்க வேண்டும் என்று எழுதுகிறோம். அறிவித்தல் படிவமும் விசாரணைப் படிவமும் உங்களிடம் இருக்கின்றன, நல்ல படிவங்கள். மக்களை நோக்கிய பக்கம்தான் காலியாக இருக்கிறது. முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் சுகாதார வைத்திய அதிகாரி, மிட்வைஃபோடு வீட்டுக்குப் போக வேண்டும்; பொலிஸ் அவர்களுக்கு முன்னால் போய் நிற்கக்கூடாது. அதே நேரம் கிளினிக்கில் பாவித்த குப்பியையும் அதே தொகுதியின் திறக்காத குப்பிகளையும் எறியாமல் 2 முதல் 8 பாகை செல்சியசில் தனியாக வைக்க வேண்டும். அன்று அதே குப்பியிலிருந்து போட்ட மற்றப் பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுக்க வேண்டும். அவர்களின் நலம்தான் முதல் தடயம். மரணமென்றால் பிரேதப் பரிசோதனை வரும். அன்றைக்கே அடக்க வேண்டும் என்று காத்திருக்கும் குடும்பத்துக்கு, உடல் எத்தனை மணிக்குத் திரும்பக் கிடைக்கும் என்று மணி சொல்லுங்கள். மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2020க்குப் பின் இந்த ஒரு விடயத்தில் தடுமாற்றத்துக்கு இங்கே இடமில்லை.

24 மணித்தியாலத்துக்குள் ஒரு பக்கத் தமிழ் அறிவித்தல் வர வேண்டும். பிள்ளையின் பெயரும் ஊர் அடையாளமும் இல்லாமல். என்ன ஊசி, எந்தத் தொகுதி, நாட்டில் அந்தத் தொகுதி இதுவரை எத்தனை போடப்பட்டது, என்ன சோதனை நடக்கிறது, அடுத்த தகவல் எந்தத் திகதியில். அந்தத் திகதியில் புதிதாக எதுவும் தெரியவராவிட்டாலும், "இன்னும் முடிவு வரவில்லை" என்ற அறிவித்தல் அதே நாள் வர வேண்டும். சொன்ன நாளில் வராத கடிதம்தான் வதந்திக்குத் தாய்.

இறுதி முடிவு வரும்போது உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படுத்தலை அப்படியே தமிழில் தாருங்கள்: ஊசிப் பொருளோடு தொடர்புடையது, தரக் குறைபாடு, போட்டவரின் தவறு, பயத்தால் வந்த எதிர்வினை, தற்செயல் நிகழ்வு, இவற்றுக்கு வெளியே "தீர்மானிக்க முடியவில்லை" என்றும் ஒன்று உண்டு. அந்தக் கடைசி வகையைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறீர்கள். "தீர்மானிக்க முடியவில்லை" என்பதைச் "சம்பந்தமில்லை" என்று மொழிபெயர்ப்பதைப்போல நம்பிக்கையைக் கெடுக்கும் வேலை வேறில்லை. வைத்தியசாலையில் வேலை செய்கிற உறவினர் ஒருவராவது இல்லாத குடும்பம் இங்கே குறைவு. ஆங்கில அறிக்கை எப்படியும் வீட்டுக்கு வந்து சேரும்.

போட்டவரின் தவறு என்ற வகையைப் பற்றி ஒரு வார்த்தை. பசிபிக் தீவான சமோவாவில் 2018 ஜூலையில் இரண்டு குழந்தைகள் எம்.எம்.ஆர். ஊசியின் பின் இறந்தன. தூளைக் கரைக்க வேண்டிய திரவத்துக்குப் பதிலாகத் தசைத் தளர்வு மருந்தைக் கலந்திருந்தார்கள் என்பது பின்னர் தெரிந்தது. தவறு மருந்தைக் கலந்த இடத்தில். பழி விழுந்தது தடுப்பூசியின் மேல். திட்டம் மாதக்கணக்கில் நின்றது, போடும் வீதம் சரிந்தது. 2019 இறுதியில் சின்னமுத்து பரவி 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சிறு பிள்ளைகள். நம் கிளினிக்குகளில் எம்.எம்.ஆர். தூளும் அதன் திரவமும் ஒரே பெட்டியில் சேர்ந்து வர வேண்டும், ஒரே உற்பத்தியாளருடையதாக இருக்க வேண்டும், ஊசித் தட்டில் வேறு எந்த மருந்தும் இருக்கக்கூடாது, கரைத்த குப்பியில் நேரம் எழுதி 6 மணித்தியாலத்தில் எறிய வேண்டும் என்பதெல்லாம் பழைய சட்டம். நினைவூட்டுவதற்குக் காரணம், இங்கே ஒரு தட்டில் நடக்கும் தவறு ஜெனீவாவின் கணக்கில்தான் எழுதப்படும்.

குளிர்ச் சங்கிலியும் அப்படியே. கச்சான் காற்று வீசும் மே முதல் ஆகஸ்ட் வரை இங்கே சூட்டைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் ஐங்கூட்டு ஊசிக்குப் பெரிய எதிரி உறைதல். ஃப்ரீசரிலிருந்து நேரே எடுத்த ஐஸ் பொதியை, குலுக்கினால் உள்ளே தண்ணீர் ஓசை கேட்கும்வரை வெளியே வைக்காமல் பெட்டிக்குள் அடுக்கினால், பக்கத்திலுள்ள குப்பி உறைந்து உருகும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, வேலை செய்யாது. சந்தேகமென்றால் குலுக்குச் சோதனை: வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கிய அதே தொகுதிக் குப்பியையும் சந்தேகக் குப்பியையும் குலுக்கிப் பக்கத்தில் வையுங்கள், சந்தேகக் குப்பியிலும் அதே வேகத்திலோ அதைவிட வேகமாகவோ வண்டல் படிந்தால் எறியுங்கள். வெப்பத்தைக் காட்ட குப்பியிலேயே அடையாளம் இருக்கிறது: வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் போடலாம், ஒரே நிறமோ அதைவிடக் கருமையோ என்றால் கூடாது. இந்தப் படத்தைக் கிளினிக் சுவரில் தாய்மார் கண்ணுக்குத் தெரிய ஒட்டுங்கள், குப்பியை அவர்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரைவிட அந்தச் சின்னச் சதுரம் அதிகம் பேசும். 2022இல் 13 மணித்தியால மின்வெட்டு இருந்த நாட்களில் "ஊசி பழுதாகேல்லையா?" என்று கேட்டவர்களுக்குக் காட்ட வெப்பநிலைப் பதிவேடு கைக்கு எட்டும் இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஊசியில் பன்றிப் பொருள் இருக்கிறதா என்ற கேள்வியை விட்டுவிட முடியாது. 2018 ஆகஸ்டில் இந்தோனேசிய உலமா சபை சின்னமுத்து–ருபெல்லா ஊசி பற்றித் தீர்ப்புச் சொன்னது: உற்பத்தியில் பன்றிப் பொருள் உள்ளது, ஆனால் மாற்று இல்லாததால் அவசியம் கருதி அனுமதி. மக்கள் காதில் முதல் பாதிதான் விழுந்தது. ஆச்சே போன்ற இடங்களில் போடும் வீதம் படுத்துவிட்டது. 1995இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய அறிஞர்கள், பன்றியிலிருந்து எடுத்துத் தன்மை மாறிய ஜெலட்டின் பற்றி அனுமதிக்கும் முடிவைத் தந்ததும், உலக சுகாதார நிறுவனத்தின் கிழக்கு மத்தியதரைப் பிராந்திய அலுவலகம் அதைப் பரப்பியதும் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? மார்க்கத் தீர்ப்பைச் சுகாதாரத் திணைக்களம் சொன்னால் எடுபடாது, சொல்லவும் கூடாது. ஒவ்வொரு ஊசியின் சேர்மானப் பட்டியலைத் தமிழில் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் மார்க்க அறிஞர் சபையான ஜம்இய்யத்துல் உலமாவின் கிளைகளுக்கும் கொடுங்கள், பாடசாலை ஊசி நாளுக்கு ஒரு மாதம் முன்பாவது. மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கான, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியிலும் இந்த முன்னறிவிப்பே பிரச்சினை. சம்மதக் கடிதம் ஊசிக்கு முதல் நாள் பையில் வந்தால், வாப்பாவோ அப்பாவோ கையெழுத்திடும் முன் வட்ஸ்அப்பைத்தான் கேட்பார். அந்தப் புற்றுநோயின் பெயரே பல வீடுகளில் சத்தமாகச் சொல்லப்படுவதில்லை. பெண் ஆசிரியை ஒருவரும் மிட்வைஃபும் தாய்மாரை மட்டும் அழைத்து அரை மணித்தியாலம் பேசினால் போதும்.

இதெல்லாம் செய்ய ஆள் வேண்டும். 3,000 பேருக்கு ஒரு மிட்வைஃப் என்பது உங்கள் கணக்கு; வெற்றிடம் இருக்கும் பிரிவில் ஒருவர் இரண்டு பிரிவைச் சுமக்கிறார். வீட்டுக்குப் போய்ப் பேச நேரமில்லாதவரிடம் நம்பிக்கையைக் கட்டச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பிப் பயனில்லை.

கடைசியாக, கிளினிக் வாசலில் ஒவ்வொரு ஊசி நாளும் தொங்க வேண்டிய தாளை நாங்களே எழுதியிருக்கிறோம். வெற்றிடங்களை கையால் நிரப்பலாம்.

"இன்று போடும் ஊசி: ____. எந்த நோய்க்கு: ____. தயாரித்த நாடு: ____. தொகுதி இலக்கம்: ____ (உங்கள் பிள்ளையின் கொப்பியிலும் எழுதப்படும், எழுதாவிட்டால் கேட்டு வாங்குங்கள்). இதைச் சோதித்தவர்கள்: ____. வாங்கிய பணம்: ____. வழமையாக வரக்கூடியது: ____, எத்தனையாம் நாள்: ____. அரிதாக வரக்கூடியது: ____. இன்னும் தெரியாதது: ____. ஊசியின் பின் 20 நிமிடமாவது இந்த வாங்கில் இருங்கள். இரவில் பிள்ளைக்கு ஏதாவது என்றால் அழைக்க வேண்டிய இலக்கம்: ____."

மொழிபெயர்ப்பைக் கொழும்பில் முடித்து அச்சிட்டு அனுப்பாதீர்கள். "இன்னும் தெரியாதது" என்ற வரியை யாராவது வெட்டச் சொன்னால், யார், ஏன் என்று எங்களுக்கும் எழுதுங்கள். முதல் வரைவைத் தந்தால் கிண்ணியாவில் ஒன்று, ஈச்சிலம்பற்றில் ஒன்று, நகரத்தில் ஒன்று என்று மூன்று கிளினிக்குகளில் வாசித்துக் காட்டி, கேட்பவர்கள் எந்த வரியில் புருவம் உயர்த்துகிறார்கள் என்று குறித்து, இரண்டு கிழமைக்குள் திருப்பி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
திருகோணமலை மாவட்டத்தின் தடுப்பூசிப் பணியில் உள்ள சிலர்